மேல் தட்டுப் பலகை

ஆவணி, செவ்வாய்க்கிழமை.

என் தோள் எலும்புக்கு ஒன்றுமில்லையாம். தசையை எலும்போடு பிடித்திருக்கும் நார்தான் கிழிந்துவிட்டதாம். போன மாதம் டாக்டர் இதைச் சொன்னபோது உடனிருந்தவள், கூட வேலை செய்யும் கஸ்தூரி மட்டுமே. அன்றிலிருந்து பீங்கான் பட்டறையில் காயாத விளக்குகள் அடுக்கிய பலகைகளை எனக்காக அவள்தான் மேல் தட்டில் ஏற்றுவாள். அவள் விளக்குகளுக்கும் நான் விளிம்பு தேய்த்துக் கொடுப்பேன்.

இன்று முதலாளி எதிரில் வந்து நின்று, "பலகைய மேல ஏத்துங்க ஆயா" என்றார். கை தோளுக்கு மேல் போகவில்லை. கஸ்தூரி எழுந்திருக்கவே இல்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார் முதலாளி.

"நாந்தாங்க்கா மொதலாளிகிட்ட சொன்னேன். உங்க நல்லதுக்குத்தான்" என்றாள் கஸ்தூரி.

"நாளைக்கு என் எடத்துல யாருடி?"

"எம் மருமவ."

அந்த மருமகள் பிள்ளை பெற்றபோது பத்தியம் சமைத்துப் போட்டவள் நான்.

திரும்பும்போது பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியவில்லை. விழாமலிருக்க கஸ்தூரியின் தோளைத்தான் பிடித்துக்கொண்டு வந்தேன்.