வட்டைக்குக் குடுக்காத பெட்டி

டிசம்பர் 11, திங்கள்
விடியவே மழை. வாவிப் பக்கம் கறுத்துக் கிடக்கு.
கொக்கட்டிச்சோலை வயல் வட்டைக்கு வெள்ள எச்சரிக்கைப் பெட்டி செய்யிறன். வாய்க்காலில தண்ணி ஏறினா சைரன் அடிக்கணும். பழைய போர்ட்டை மின்னல் கொண்டுபோயிட்டு. கிடைச்ச புதுசில வேற சிப். புரோகிராமைச் சிப்புக்கு விளங்க மாத்திற எங்கட கம்பைலருக்கு அதைத் தெரியா. ஒருமாதிரிக் கம்பைலரைக் கட்டியாச்சு. ஆனா புரோகிராம் ஓடக்குள்ள துணைக்கு நிக்கிற ரன்டைமைக் கட்டி எடுக்க ஏலாம இருக்கு. "தெரியாத செயலி." நாள் முழுக்க இதே வரி.
ராச்சாப்பாட்டுக்குப் பாண் வாங்க மறந்துட்டன்.

12, செவ்வாய்
கம்பைலர் செய்யிற ஆக்களுக்கு எழுதினன். வந்த பதில்: அந்தச் சிப்புக்கு ஆதரவு இல்ல, நீங்க செய்தா அனுப்புங்க. மரியாதையாத்தான்.
ரன்டைமில குறை ரெண்டு. மணிக்கூடு: முடிஞ்சுது. பூட்டு, அதாவது ரெண்டு வேலை ஒரே எண்ணை ஒரே நேரம் தொடாமப் பாக்கிறது: பிடிபடல்ல.
அண்ணன் கோல். யானைக்காவலுக்கு இனி வட்டையில காவல் குடிசை வாடியிலதான் படுக்கையாம். பெட்டி எப்ப எண்டார். வெள்ளி எண்டுட்டன். ஏன் சொன்னன்?

14, வியாழன்
கூட வேலை செய்யிற நிரோஷினி சொன்ன வழி: பூட்டு இருக்கிற இடத்தில ஒண்டும் செய்யாத வெறும் கூடு ஒண்டை வை, ரன்டைம் கட்டுப்படும். கட்டுப்பட்டுது. சந்தோசம் கொஞ்ச நேரம்தான். தண்ணி மட்டம் அளக்கிற சென்சரை வாளிக்குள்ள விட்டுத் தண்ணி ஊத்தினன். வாளி நிரம்பிற்று, திரையில பழைய அளவு. மறுகா சரி. மறுகா திரும்பவும் பிழை.

15, வெள்ளி
அண்ணன் மோட்டார்சைக்கிள்ல நனைஞ்சு வந்தார். நம்பி வைக்க ஏலா எண்டன். ஒண்டும் இல்லாததுக்கு அரைகுறை எண்டாலும் தா எண்டு நிண்டார்.
"அது அடிக்காட்டி என்ன நினைப்பீங்க?"
"தண்ணி வரல்லண்டு நிம்மதியாப் படுப்பம்."
அதுக்குப் பிறகு குடுக்க மனம் வரல்ல. வாடியில படுக்காதீங்க, படுத்தா முறை வச்சு முழிச்சிருங்க எண்டன். தேத்தண்ணி குடிக்காமப் போயிட்டார். அம்மாக்கும் என்னில கோவம்.

16, சனி
குளத்து வான்கதவு திறந்தாச்சாம். அண்ணன்ட போன் வேலை செய்யல்ல. கை சும்மா இருக்க ஏலாம பூட்டைத் திரும்ப எடுத்தன். சிப்பின்ட கையேட்டில ஒரு கட்டளை: முந்தின எண்ணை எழுதி முடியும் வரைக்கும் நில். அதை வச்சுப் பூட்டைச் சரியா எழுதினன். கட்டுப்பட்டுது. வாளி நிரம்ப நிரம்ப எண்ணும் ஏறுது, ஒருக்காலும் பிழை வரல்ல. போனைத்தான் பாத்துக்கொண்டு இருந்தன்.
பின்னேரம் அண்ணன்ட பெண்சாதி, மச்சாள், கோல் எடுத்தா. விடியப்புறம் தண்ணி வந்ததாம். நெஞ்சளவு தண்ணியில எல்லாரும் ரோட்டுக்கு ஏறிட்டாங்களாம். வேளாண்மை முழுக்கத் தண்ணிக்குள்ள.
அண்ணன் போனை வாங்கினார்.
"முறை வச்சு முழிச்சிருந்தம்" எண்டார்.
பெட்டி இப்ப சரி எண்டு சொல்ல வாய் வரல்ல.