அப்பா கொடுத்த இரண்டாவது புகார்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம், நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருந்தால் அதுவே எனக்குப் போதும்.

உன் அப்பா கதையைக் கேள். முதியோர் பகல் இல்லத்து வேன் ஓட்டுகிறாரே, அங்கே ஊழியர்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார்கள், வயதானவர்களை வீட்டில் யாராவது கொடுமைப்படுத்தினால் எப்படிக் கண்டுகொள்வது, யாரிடம் சொல்வது என்று. போகும்போது டிரைவராகப் போன மனுஷன் துப்பறியும் அதிகாரியாகத் திரும்பி வந்தார். நான் தட்டைக் கொஞ்சம் வேகமாக வைத்தால்கூட இது மிரட்டலில் சேருமா என்று யோசிக்கிறார். மறுவாரமே, வேனில் வரும் டிரில் மாஸ்டர் தோளில் கன்றிய தடம் இருக்கிறது என்று நாலு பக்கம் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். அதிகாரி வந்து விசாரித்தால், அது உன் அப்பா போடும் பிரேக்கில் சீட் பெல்ட் இழுத்த தடம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான், இல்லமே விழுந்து விழுந்து சிரித்ததாம்.

அந்த வெட்கத்தில்தான் அதே வேனில் வரும் தையல்காரர் விஷயத்தில் தயங்கினார். அவருக்கு எண்பது வயது, அக்கா மகன் வீட்டில் இருந்தார். கொஞ்ச நாளாகக் கண்ணாடி இல்லாமல் வந்து, படியைக் காலால் தடவித் தடவி ஏறினாராம். கேட்டால் மறந்துட்டேன் என்பாராம். ஒருநாள் கைகொடுத்து ஏற்றும்போது மேல்கையில் நாலு விரல் பதிந்த தடம், என்னாச்சு என்றதற்குக் கேட்காதப்பா என்று கையை இழுத்துக்கொண்டாராம். நான்தான், ஒரு தடவை மானம் போனது போதாதா, நிச்சயமாத் தெரியாம எதுக்கு வம்பு என்றேன். நிச்சயம் பண்றது அவங்க வேலை, பார்த்ததைச் சொல்றது என் வேலை என்று சொல்லிவிட்டு அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், இப்போது நினைத்தால் கூசுகிறது. அதிகாரிகள் தையல்காரரிடம் தனியாகப் பேசினார்கள். இவர் சத்தம் போட்டால் கண்ணாடியைப் பிடுங்கிப் பூட்டிவிடுவானாம் அந்தப் பாவி அக்கா மகன். இப்போது தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள், கண்ணாடியும் வந்துவிட்டது.

புகார் கொடுத்தது யார் என்று வெளியே சொல்லக் கூடாதாம். எல்லோரும் சமையல்காரம்மா என்று முடிவுகட்டிவிட்டார்கள். அவள் நான் இல்லை என்று சொல்லச் சொல்ல, என்ன அடக்கம் என்று இன்னும் மெச்சுகிறார்கள். தையல்காரர் அவளுக்கு ஒரு ஏப்ரன் தைத்துக் கொடுத்திருக்கிறார், இரண்டு பை வைத்து. அரைக் கிலோ தக்காளி மலிவாக வாங்கினாலே தெருவுக்கெல்லாம் சொல்கிற உன் அப்பா வாயே திறக்கவில்லை. நேற்று வேனில் ஏறும்போது தையல்காரர் அவர் தோளைத் தட்டி, நீ பார்த்தும் பேசாம இருந்துட்டே, பரவாயில்லப்பா, பயம் யாருக்குத்தான் இல்ல என்றாராம். இவரும் ஆமாங்க என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாராம். என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், சாப்பாடுதான் இறங்கவில்லை.

நீயும் சின்னப் பிள்ளைகளோடு வேலை பார்க்கிறவள், கண்ணில் பட்டால் என்னைப் போல யோசிக்காதே, சொல்லிவிடு. இதை மாப்பிள்ளையிடம்கூடச் சொல்லாதே, படித்ததும் கிழித்துப் போடு. ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிட்டு ஒன்றும் கேட்காமல் கொஞ்ச நேரம் பேசு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா