பாட்டை நிறுத்தினால் கட்டையும் நிற்கும்

மாமா,

டாலிகஞ்சில் நம் வீட்டுக்கு எதிரே தபாலாபீஸ் எழும்புகிறது. இன்று அதன் கூரைக்குச் சுண்ணாம்பு குழைக்கிறார்கள். வெல்லப்பாகு ஊற்றிய ஈரச் சுண்ணாம்பின் வாசனை வந்ததும் பாதிச் சோற்றில் எழுந்து ஜன்னலுக்கு ஓடினேன். "தளம் தட்டுறவன் போனாலும் இவனுக்குத் தாளம் போகலை" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உங்கள் அக்கா அல்லவா, அழும்போதும் கிண்டல்தான்.

நீங்கள் போய் ஒரு மாசம். உங்கள் காய்ச்சலை நான் நினைப்பதே இல்லை. நினைப்பதெல்லாம் பாலிகஞ்ச் சர்க்கார் பள்ளிக்கூடத்துக் கூரையைத்தான்.

கட்டடம் பெரிய காண்டிராக்டருடையது; ஈரச் சுண்ணாம்பைக் கட்டையால் அடித்து இறுக்குகிற தளம் தட்டும் வேலையை மட்டும் அவரிடமிருந்து நீங்கள் எடுத்திருந்தீர்கள். கீழ்த்தளத்துக் கூரை முடிந்து நாலு மாசமாகியும் ஒரு தம்படி வரவில்லை. சர்க்கார் அவருக்குக் கொடுத்தது ஊருக்கே தெரியும். "நாளைக்கு வாரும்" என்பார். அந்த 'நாளைக்கு' எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. தளம் தட்டிய இருபது பெண்களுக்கும் துர்கா பூஜைக்குள் கூலி தருவதாக வாக்குக் கொடுத்திருந்தீர்கள்; அத்தையின் வளையல்கள் ஏற்கெனவே அடகில்.

"உரக்கக் கேளுங்களேன் மாமா."

"கத்தினா அடுத்த வேலை வராதுடா."

கத்த வேண்டாம், பாடுகிறவர்கள் இருக்கிறார்களே என்று எனக்குத் தோன்றியது. எல்லாரும் மாஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடும் பாட்டுக்காரி ஒரு அடி சொல்ல, வரிசையாக உட்கார்ந்த பெண்கள் அதைத் திருப்பிப் பாடியபடி மரக்கட்டையால் தளத்தைத் தட்டுவார்களே! வங்காள மொழியில் நாலு அடி எழுதி மாஷிக்குப் படித்துக் காட்டினேன். "இவ்வளவு மரியாதையா எழுதினா எவனுக்கு உறைக்கும்?" என்று அவள் காரம் சேர்த்தாள்.

மேல்கூரையின் இரண்டாம் நாள், எஞ்சினீயர் துரை ஏணியேறி வந்தார். வங்காளம் நன்றாகப் புரிகிற துரை. பின்னால் காண்டிராக்டர்.

"கீழ்க்கூரை காய்ஞ்சு போச்சு, எங்க கூலி எங்கே பாபு?
சர்க்கார் கொடுத்த பணம் யார் பெட்டியிலே பாபு?"

"பாட்டை நிறுத்து!" என்று காண்டிராக்டர் அலறினார். இருபது கட்டைகளும் அந்தரத்தில் நின்றன. ஈரத்தளத்தைத் தட்டாமல் விட்டால் வெடித்துவிடும். துரைக்கும் அது தெரியும்.

"ஏன் நிறுத்தினீர்கள்?"

"பாட்டு இல்லாம கை ஓடாது சாகேப்" என்றாள் மாஷி.

"அப்படியானால் பாடு. முதலிலிருந்து."

சுண்ணாம்புத் தொட்டிக்குப் பின்னால் நீங்கள் என் காதைத் திருகினீர்கள். "என் பிழைப்பில மண்ணைப் போட்டியேடா!"

"மண்ணில்லை மாமா, சுண்ணாம்பு."

முழுப் பாட்டையும் கேட்ட துரை உங்களைக் கூப்பிட்டார். "உமக்குப் பணம் வந்ததா?"

காண்டிராக்டர் உங்களை முறைத்தார். நீங்கள் என் காதை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றீர்கள். "இல்லை துரை. நாலு மாசமா ஒரு தம்படி இல்லை." அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

உங்கள் ரசீது இல்லாமல் இனி அவருடைய பில் பாஸாகாது என்று துரை அங்கேயே எழுதிக் கொடுத்தார். மறுநாளே பணம் வந்தது. பூஜைக்குப் புதுப்புடவையில் இருபது பேரும் வந்தார்கள். அத்தை வளையல் குலுங்கப் பாயசம் ஊற்றினாள்.

தபாலாபீஸும் அதே காண்டிராக்டருடையதுதான். தளம் தட்டுவதை இப்போது அத்தை எடுத்து நடத்துகிறாள். நான் எங்காவது பேசத் தயங்கினால் உங்கள் குரலை வரவழைத்துக்கொள்கிறேன், மாமா. காது திருகியதை அல்ல, "இல்லை துரை"யை.

இதோ, எதிரே மாஷி தொடங்கிவிட்டாள். பாட்டில் காண்டிராக்டர் இல்லை. ராதையும் கிருஷ்ணனும்தான். அப்படியென்றால் கூலி வந்துவிட்டது!