நேரா வந்த ஒளி

ஜெனீவா, டிசம்பர் 2017

அன்பு மைனிக்கு,

அண்ணன் சட்டையைச் சவப்பெட்டியில வச்சு அடக்கிரலாமான்னு பங்குச் சாமியார் கேட்டாராம். “படிச்சவ நீ, சொல்லு”ன்னீங்க.

இங்க ஈய அணுக்கருக்கள் மோதுற சூட்டுல இருந்து நேரா வர்ற ஒளியை அளக்கிறோம். கூடவே, வேற துகள்கள் உடைஞ்சும் ஏகப்பட்ட ஒளி வரும். அதைக் கணக்குப் போட்டுக் கழிச்சாத்தான் நேரா வந்தது தெரியும்.

புயல்ல அண்ணன் வள்ளம் காணாமப் போன பிறகு வந்த சேதிகளையும் அப்படிக் கழிச்சுப் பார்த்தேன். கொச்சியில பார்த்தாங்க, லட்சத்தீவுல கரையேறினாங்க, எல்லாம் யாரோ சொல்லிக் கேட்டது. நேரா பார்த்தவங்க ஒருத்தரும் மிஞ்சல.

ஆனா எந்தக் கணக்குலயும் பிழை உண்டு. அந்தப் பிழை கழிச்ச மிச்சத்தைவிடப் பெரிசுன்னா, ஒண்ணுமில்லைன்னு எழுத எங்களுக்கு அனுமதி கிடையாது.

மூணு கடிதம் கிழிச்சாச்சு. இதுலயும் பதில் இல்ல, மைனி.

இப்படிக்கு,
படிச்சவ