யன்னலோரத் தக்காளிக் கண்டுகள்

மச்சாள்,

மழைக்காலத்தில் நட்ட தக்காளி இங்கே வேலணையில் ஓய்ந்துவிட்டது. இன்று காலை செடிகளைப் பிடுங்கிப் போட்டேன். சவர்க்காரம் போட்டுக் கழுவியும் விரலில் அந்தப் பச்சை நெடி போகவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கும்போதெல்லாம் உம்முடைய நினைப்புத்தான்.

ஒரே வகுப்பில் படித்தோம். பிறகு என் அண்ணையைக் கட்டி மச்சாளாகி, கனடாவுக்கும் போனீர். போன முதல் வருஷமே தக்காளி போட்டு, சித்திரை வெயிலைக் கண்டதும் நம்மூர் நினைப்பில் கண்டுகளை முற்றத்தில் நட்டுவிட்டீர். அடுத்த நாள் தொலைபேசியில் ஒரே ஒப்பாரி. "அவிச்ச கீரை மாதிரிக் கிடக்குது மச்சாள். இஞ்சத்தை வெயிலை நம்ப ஏலாது!" இரவில் விழுந்த உறைபனி எல்லாவற்றையும் முடித்துவிட்டிருந்தது. நானோ விழுந்து விழுந்து சிரித்தேன். வெயில் எறிக்கிற மாதத்தில் செடி குளிரில் சாகும் என்றால் வேலணையில் யார் நம்புவார்?

அதற்குப் பிறகு நீர் கவனம். வருஷா வருஷம் பங்குனியில் தயிர்க் கோப்பைகளில் விதை போட்டு, நீர் சமைக்கிற குசினி யன்னலில் அடுக்குவீர். கடைசி உறைபனி போகும்வரை அவை வீட்டுக்குள்தான். அண்ணை யன்னலைத் திறந்தால் போச்சு. "கண்டுக்குக் குளிருது, சாத்துங்கோ!" என்று நீர் போடுகிற சத்தத்தில் என் தொலைபேசி அதிரும்.

இந்தப் பங்குனியிலும் போட்டீர். முளைத்தது ரெண்டு இலை விடுமுன் போய்விட்டீர். நெஞ்சுநோ என்றார்கள். கடைசியாக உம்முடைய முகம் பார்க்க எனக்குக் கிடைக்கவில்லை. அது ஆறாது.

எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்த கையோடு அண்ணை தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, இந்தக் கோப்பையளை என்ன செய்யிறது? எறியட்டே?"

எனக்கு வந்ததே கோபம்! "எறிஞ்சியளெண்டால் என்னோடை கதைக்கவேண்டாம். முதல்லை தண்ணி ஊத்துங்கோ!"

தேத்தண்ணி போடவே தெரியாத மனிசன். தினமும் வீடியோவில் எடுத்துக் கண்டுகளைக் காட்டச் சொன்னேன். "வெளிச்சத்துக்குச் சாயுது, கோப்பையைத் திருப்பி வையுங்கோ. உவ்வளவு தண்ணி ஊத்தினால் அழுகிப்போகும்." பிரிஜ்ஜுக்கு வெளியே உறைபனியைக் கண்டறியாத நான், உங்கள் ஊரின் இரவுக் குளிரைக் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள், "நல்ல வெயில் பிள்ளை, வெளியிலை நடட்டே? சனமெல்லாம் அரைக் காற்சட்டையோடை திரியுது" என்றார்.

"சனம் திரியட்டும். கண்டு உள்ளுக்கை நிக்கட்டும்."

மறுநாள் காலை, கார்க் கண்ணாடி வெள்ளையாய் உறைந்து கிடந்ததை அவரே காட்டினார். அன்றைக்கு உம்முடைய ஒப்பாரிதான் கண்டுகளைக் காப்பாற்றியது.

ஒருவழியாகக் குளிர் விட்டு, நேற்று நட்டார். ஒவ்வொன்றாகக் காட்டினார். தண்டு தடித்து, நல்ல வளர்த்தி. பிறகு குசினிக்குள் வந்தார். யன்னல் வெறுமையாகக் கிடந்தது.

"விடிய எழும்பி இதுகளைப் பாக்கிறதுதான் வேலையாக் கிடந்தது. இனி என்னத்துக்கு எழும்புறது பிள்ளை?" என்றவர் விம்மி விம்மி அழுதார். உம்மைக் கொண்டுபோன அன்றுகூட அவர் அழவில்லை.

ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வந்ததோ வேறு. "என்னத்துக்கோ? சாப்பிட்டியளே முதல்லை? பின்னாலை பீங்கானெல்லாம் அப்பிடியே குவிஞ்சு கிடக்குது, கழுவுங்கோ. நாளைக்கும் எடுப்பன்."

"ஓம், ஓம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிப்போய்க் குழாயைத் திறந்தார்.

உம்மளவுக்கு அவரை ஏச எனக்கு ஏலாது, மச்சாள். ஆனாலும் நாளைக்கும் ஏசுவேன்.