நீ வளர்த்த வெடக்கோழிகள்

என் அன்புப் பஞ்சவர்ணத்துக்கு,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. கடிதம் போடுகிற அளவுக்கு நீ எங்கே என்னைப் பிரிந்திருந்தாய்? கடமலைக்குண்டுக்குத் தாய்வீடு போனாலும் மறுநாள் பொழுது சாய்வதற்குள் கம்பத்தில் வந்து இறங்கிவிடுவாய். இப்போது போன இடத்திலிருந்து திரும்ப பஸ் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

முதல் செய்தி உன் கோழிகளைப் பற்றித்தான். மகள் சுகந்தி முழுகாமல் இருக்கிறாள் என்று போடியிலிருந்து போன் வந்த வாரமே நீ தாய்வீடு போனாய். திரும்பும்போது மடியில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி. உள்ளே நாட்டுக்கோழிக் குஞ்சுகள். "இருக்குற வேலை பத்தாதுன்னு இது வேறயா?" என்று கத்தினேன். "அதுக்கு ஒரு கணக்கு இருக்கு, ஒங்களுக்குப் புரியாது" என்றாய். என்ன கணக்கு என்று சொல்லாமலே, அந்த மாதம் முடிவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட நீ இருக்கவில்லை. அப்படி என்ன அவசரம் உனக்கு?

துக்க வீட்டில் குஞ்சுகளை யார் பார்ப்பது? பருந்துக்குக் கொஞ்சம், கீரிக்குக் கொஞ்சம் போக, மூன்று பெட்டைகள் தேறின. ஒன்று கருப்பு, ஒன்று சாம்பல், ஒன்று செவலை. உன் சிநேகிதி, பக்கத்து வீட்டு மேரிதான் மாதா கோயிலுக்குப் போகும்போதும் வரும்போதும் நம் வாசலில் நின்று தண்ணீர் வைத்துக் காப்பாற்றினாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் கிளம்பிய பிறகு, என்னை எதிர்பார்த்து வீட்டில் நின்ற உயிர்கள் அவை மூன்றும்தான்.

பெட்டை என்றால் முட்டைக்கு என்பதுதானே என் புத்தி. திராட்சைத் தோட்டத்தில் வேலை முடிந்து வந்ததும் கம்பும் கேழ்வரகும் போட்டேன். கருவாட்டுத் தலையை இடித்துப் போட்டேன். பழக்கூடை ஒன்றில் வைக்கோல் பரப்பி, முட்டையிடும் இடம் தெரியட்டும் என்று கடை முட்டை ஒன்றை வாங்கி அதில் வைத்தேன். மூன்றும் வந்து எட்டிப் பார்த்தன. அந்த வெள்ளை முட்டையைச் சொந்தம் கொண்டாட ஒன்றுக்கும் மனமில்லை.

சிரிக்காதே. நீ பாதியில் விட்டுப்போனதில் ஒன்றையாவது நான் முடித்தேன் என்று இருக்கட்டுமே என்று நினைத்தேன். தினமும் காலையில் எழுந்ததும் கூடையைத்தான் பார்ப்பேன்.

இதற்கிடையில் சுகந்தியைத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டிவரக் கேட்டேன். சம்பந்தியம்மா போனில் சொன்னார்கள்: "ஆத்தா இல்லாத வீட்ல யாருண்ணே பக்குவம் பாப்பாக? பிள்ள இங்கனயே இருக்கட்டும்." எனக்குக் கோபம் வந்தது, போனை வைத்துவிட்டேன். தாய்வீடு என்றுதானே ஊரே சொல்கிறது? அப்பன் வீடு என்று யார் சொல்கிறார்கள்? நீ இல்லாத இந்த நாலு சுவருக்கு இனி என்ன பெயர், பஞ்சவர்ணம்? இதையே நினைத்துக்கொண்டு பல நாள் சாப்பிடாமல் படுத்தேன்.

ஒரு காலையில் செவலை கொக்கொக்கென்று கேற ஆரம்பித்தது. கொண்டை சிவந்து, மூலைமூலையாகப் புகுந்து புகுந்து வந்தது. நான் சுவருக்கு மேலே எட்டிக் கத்தினேன். "ஏத்தா மேரி, செவலை கேறுது! இன்னும் ரெண்டொரு வாரத்துல முட்டைதான்!"

மேரிக்கு முகம் விழுந்துவிட்டது. "ஐயய்யோ, அதுக்குள்ளயா? அப்படி என்னண்ணே தீனி போட்டீக?"

கருவாடு வரைக்கும் பெருமையாகச் சொன்னேன்.

"முட்டைக்கு வளத்த கோழியாண்ணே அது? பத்தியத்துக்கு வளத்தது! சுகந்தி பிள்ள பெத்து வரையில வெடக்கோழியா நிக்கணும்னு மதினி கணக்குப் போட்டுல்ல வாங்கியாந்துச்சு. ஒங்ககிட்ட சொல்லலையா?"

வெடக்கோழி. இன்னும் முட்டையிடாத இளங்கோழி. பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் பூண்டும் போட்டுக் குழம்பு வைக்க அதுதான் வேண்டும். ஒரே ஒரு முட்டை இட்டுவிட்டாலும் அந்தப் பெயர் போய்விடும். வயிற்றில் பிள்ளை வளர்வதையும் வாசலில் குஞ்சு வளர்வதையும் ஒன்றாக வைத்து நீ போட்ட கணக்கை, நான் கருவாடு போட்டுக் கலைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று கோழிக்கூண்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். நீ போன அன்றுகூட அப்படி அழவில்லை.

மறுநாளே போடிக்கு பஸ் ஏறினேன். சம்பந்தியம்மா காப்பி கொடுத்தார்கள். சுகந்தி கதவோரம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது என்பது உனக்குத் தெரியும்.

"தங்கச்சி, பக்குவம் பாக்க மேரி இருக்கு. கோழி, அவ ஆத்தா வளத்து வச்சிட்டுப் போயிருக்கா."

சம்பந்தியம்மா ஒரே கேள்விதான் கேட்டார்கள். "வெடயா?"

"வெடதான்."

"அப்பக் கூட்டிட்டுப் போங்க. நீங்க கேட்டதுக்காக அனுப்பலண்ணே. ஆத்தாகாரி நெனச்சு வச்சிருக்கா பாருங்க, அதுக்கு அனுப்புறேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுகந்தியின் துணிகளை எடுத்துவைக்க உள்ளே போனார்கள்.

அதன் பிறகு நான் கோழிகளுக்கு வெறும் அரிசிக் குருணைதான் போட்டேன். முட்டை தள்ளிப்போகட்டும் என்று கும்பிட்டுக்கொண்டே போட்டேன். முட்டையிடாதே என்று கோழியைக் கெஞ்சியவன் இந்தப் பள்ளத்தாக்கில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

உனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். கம்பம் பெரியாஸ்பத்திரியில் சுகப்பிரசவம். நெற்றி அப்படியே உன்னுடையது. தாயையும் பிள்ளையையும் ஆட்டோவில் கூட்டிவந்து இறக்கிவிட்டு, பழக்கத்தில் கூடையைப் பார்த்தேன். கடை முட்டைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பழுப்பு முட்டை, இன்னும் சூடு ஆறாமல் இருந்தது. செவலைதான். எத்தனையோ காலையில் தேடிய முட்டை, அன்று வந்திருக்க வேண்டாம். ஓடிப்போய் மற்ற இரண்டையும் மேரியிடம் காட்டினேன். பிடித்துத் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் வெடதாண்ணே" என்றாள்.

கருப்பை நானே அறுத்தேன். உன் கையில் தீனி தின்ற கழுத்து அது. மேரி இறக்கையைப் பிடித்துக்கொண்டாள். குழம்பு அவள் வைத்தாள். சுகந்தி முதல் வாய் வைத்துவிட்டு, "இது எந்தக் கோழிப்பா?" என்றாள்.

"ஒங்கம்மா கடமலைக்குண்டுல இருந்து கொண்டாந்தது."

அவள் கை நின்றது. உண்ண மாட்டாளோ என்று பயந்துபோனேன். கண்ணீர் தட்டில் விழ விழ, எலும்பைக்கூட விடாமல் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துத் தட்டை என்னிடம் நீட்டி, "அம்மா சோறு போட்டுருச்சுப்பா" என்றாள். நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

சாம்பலை அடுத்த வாரம் அறுப்போம். செவலையை மட்டும் நான் இருக்கும்வரை அறுக்க மாட்டேன். மேரி வீட்டுச் சேவல் சுவர் தாண்டி வந்து போகிறது. முட்டை சேர்ந்ததும் அடை வைப்பேன். இனி சுகந்தி எப்போது வந்து இறங்கினாலும், உன் தாய்வீட்டு வழி வந்த ஒரு வெடக்கோழியாவது இந்த வாசலில் நிற்கும். அவள் வந்து நிற்கிற இடம் அப்பன் வீடாக இருக்காது. இது சத்தியம்.

நீ கூப்பிட்ட அதே பெயரில்,
உன் சுகந்தி அப்பா