சாலா படிக்கிற படம்

ஈப்போ
4 ஜூலை 1943

அன்புள்ள வீரம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் பிள்ளையும் பட்டினியில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

நம் சாலா கன்னத்தில் கைவைத்துப் புத்தகத்துக்குள் முழுகிக் கிடப்பதை வரைந்தேனே, அந்தப் படத்தைக் கடைச் சுவரில் மாட்டியிருந்தேன். பெயர்ப்பலகை எழுதக் கொடுக்க வந்த ஜப்பான் அதிகாரி அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். நேற்று மறுபடி வந்தார். பிள்ளையைத் தன்னிடம் விடவேண்டுமாம். தன் வீட்டில் வளர்ந்து ஜப்பான் பாஷை படிக்கட்டுமாம். அடுத்த வாரம் கூட்டிவரச் சொல்லிவிட்டார். என்ன சொல்லலாம், எழுது.

சதாசிவம்

செமோர்
7 ஜூலை

அன்பு மாமாவுக்கு,

மதார் சாகிப் அண்ணன் மரவள்ளி வண்டியில் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அதிலிருந்து சாலாவை வாசலுக்குக்கூட விடவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணை எவன் வீட்டுக்கு அனுப்புவது? எல்லாரும் பார்க்கிற இடத்தில் அந்தப் படத்தை ஏன் மாட்டினீர்கள்? நான் அனுப்பமாட்டேன். உங்களைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகாதபடி ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள்.

வீரம்மா

ஈப்போ
15 ஜூலை

வீரம்மா,

கோபப்படாமல் படி. பிள்ளை காய்ச்சலில் போய்விட்டாள் என்று அந்த அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். வேறொன்றும் வாயில் வரவில்லை. அவர் தொப்பியைக் கழற்றினார். மறுநாள் வெள்ளைப் பூவும் ஊதுபத்தியும் கொண்டுவந்து படத்தின்முன் வைத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். இப்போது அடிக்கடி வருகிறார். அதனால் தினமும் நானே பூ வைக்கிறேன், உயிரோடிருக்கிற என் பிள்ளைக்கு. கடைக்கு வருகிறவர்கள் துக்கம் விசாரிக்கிறார்கள். சாலா உடம்பு எப்படியிருக்கிறது? உடனே எழுது.

சதாசிவம்

செமோர்
22 ஜூலை

மாமாவுக்கு,

சாலா சுகம். ஆனால் நேற்று உங்கள் சிநேகிதர் அர்ச்சுனன் துக்கம் கேட்க வந்துவிட்டார். கதவைத் திறந்தது சாலா. மனுஷர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் குடித்துவிட்டு, "நான் ஒண்ணும் பாக்கலே லா. ஆனா எனக்குப் பின்னால இன்னும் ஆளுங்க வருவாங்க தங்கச்சி" என்றார்.

நாளைக்கே தஞ்சோங் மாலிமில் அக்கா வீட்டுக்குப் போகிறோம். அங்கே சாலாவை அக்காவின் மகள் என்றே சொல்லுவோம், பெயரும் வேறு. நீங்கள் வரவேண்டாம், கடிதமும் வேண்டாம். யார் கையில் சிக்கும் என்று தெரியாது.

சாலா அழவில்லை. "அப்பா என்னைக் கும்பிடுறப்ப என்னம்மா வேண்டிக்குவாரு?" என்று மட்டும் கேட்டாள். நீ நூறு வயசு இருக்கணும்னுதான் என்றேன்.

பூ வைப்பதை நிறுத்திவிடாதீர்கள் மாமா.

வீரம்மா